ஊதிப் பார்த்து எடுத்த டர்போ

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போதுதான் தம்பி அதைக் கேட்டான்.

"அண்ணே, காருக்கு டர்போ வைக்கணும்ணே."

நான் அவனுடைய காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் அவன் பொண்டாட்டி எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, இனிமேல் அதை எடுக்க வழியில்லை, இருக்கிற மூச்சைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எம்புட்டு நாள் என்று நான் கேட்டேன். சொல்ல முடியாது என்று அவர் பேனாவை மூடி வைத்தார்.

"காது கேக்குதா இல்லையா?" என்றான் தம்பி.

"கேக்குது."

"டர்போண்ணே."

"அதுதேன் கேட்டுச்சே. பேசாம வா. மூச்சு வாங்குது பாரு."

எங்களுக்கு மேலூர்ப் பக்கம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில்தான் வேலை. நான் அஞ்சாவதோடு நின்றேன், தம்பி எட்டாவதோடு. நான் ஸ்டியரிங் பிடிக்கப் போனேன். அவன் கிரானைட் குவாரிக்குப் போனான். பாறையில் துளை போடுகிற வேலை. டிராக்டருக்குப் பின்னால் கம்ப்ரசர் நிற்கும். அதிலிருந்து காற்றுக் குழாய் வரும். குழாயின் முனையில் துளை போடுகிற மிஷினைப் பிடித்துக்கொண்டு இவன் நிற்பான். துளை இறங்க இறங்க வெள்ளை மாவு பறக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வான். வேறு பாதுகாப்பு ஒன்றும் கிடையாது.

காற்றின் மேல் அவனுக்கு ஒரு பிரியம். "வெறும் காத்துண்ணே. கண்ணுக்கே தெரியல. மலையைப் பொளக்குது பாத்தீகளா" என்பான். ஊருக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்வான். அவன் தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். குளித்தால் போய்விடும். உள்ளே போனது போகாது என்று யாரும் சொல்லவில்லை.

குவாரி வேலை நின்றதும் விளாங்குடிக்குக் குடிவந்தான். நான் ஏற்கனவே அங்கேதான் இருந்தேன். மினி லாரியில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றுகிறேன். காலையில் மூட்டையை இறக்கிவிட்டால் என் வேலை முடிந்தது. அவன் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினான். நம் ஊரில் வீதிக்கு வீதி நிற்கிற சின்னக் கார்தான். அதை அவன் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் பெரிய முதலாளி வண்டி என்று நினைப்பார்கள்.

வாங்கின புதிதில் மாமியார் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டுக்கொண்டு போனான். ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி முக்கியது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் நின்றேவிட்டது. பின்னால் டவுன் பஸ். டிரைவர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "மாப்ள, எறங்கித் தள்ளட்டுமா? இல்ல, உள்ள இருக்கிற சம்பந்தக்காரங்களை எங்க பஸ்ஸுல ஏத்திவிடுறியா?" என்று கத்தினான். மாமியார் வீட்டு ஆட்களே சிரித்துவிட்டார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் மறக்கவில்லை.

அதன் பிறகு இருமல் வந்தது. சளி என்றார்கள், காசநோய் என்றார்கள், அதற்கு மாத்திரை சாப்பிட்டான். கடைசியில்தான் கல் தூசி என்று தெரிந்தது. அதற்குள் படுக்கையிலிருந்து குழாயடிக்குப் போனால் உட்கார்ந்துதான் எழுந்திருக்கிற நிலைமைக்கு வந்திருந்தான். படுத்தபடியே போனில் வீடியோ பார்ப்பான். சின்னக் காருக்கு டர்போ மாட்டுகிற வீடியோ. பாஷை புரியாது. ஆனாலும் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்து அவனைக் கட்டிலில் உட்காரவைத்தோம். அவன் என் கையை விடவில்லை.

"ஒரே ஒரு தடவைண்ணே. நாலுவழிச் சாலையில நானே ஓட்டணும். குவாரி மலை தெரியிற எடம் வரைக்கும். அம்புட்டுதேன்."

"இருக்கிற வண்டியிலயே போலாம்லடா."

"நொண்டிக்கிட்டேவா போறது?"

அவன் பொண்டாட்டி அடுப்படியிலிருந்து வந்தாள். அதிகம் பேசாதவள். "மாமா, ராத்திரி பகல்னு இல்லாம மூச்சுத் திணறுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக இந்த ஒரு வண்டிதேன் இருக்கு. இதைப் பிரிச்சுப் போட்டுட்டா என்ன செய்ய?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். அவன் கேட்டதும் நியாயம். வண்டி படுத்தால் அவன் கதை முடிந்தது. வண்டியை அவன் ஓட்டாமல் போனால், அதுவும் ஒரு முடிவுதான். நான் லாரியைக் கொண்டுவந்து அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்துகிறேன், வேலை முடிகிற வரைக்கும் நான் இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் பாய் கடை இருக்கிறது. அடிபட்ட வண்டிகளைப் பிரித்து நல்ல சாமான்களை எடுத்து விற்பார். மாட்டியும் தருவார். என் லாரிக்குப் பல சாமான் அங்கேதான் வாங்கியிருக்கிறேன். தம்பியை சந்து முனையில் இறக்கி, தோளைப் பிடித்து நடத்திப் போனேன். பத்து எட்டு வைப்பான், நிற்பான். ஒரு வளையல் கடையில் சாமான் பார்க்கிற மாதிரி நின்றான். கடைக்காரம்மா, "என்ன சைஸுண்ணே வேணும்?" என்று கேட்டுவிட்டது. "இவருக்குத்தேன்" என்று என்னைக் காட்டினான்.

பாய் அவனைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"பெட்ரோல் வண்டிக்கு டர்போவா? இது மொதத் தடவையா தம்பி?"

"மொதத் தடவைதேன் பாய்."

"அப்ப ஆசையைக் கொஞ்சம் கொறைச்சுக்கணும்" என்றார் பாய்.

பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. தம்பி அதைத்தான் கை காட்டியிருந்தான்.

"இது பெரிய டீசல் வண்டியில இருந்தது. ஒங்க வண்டி விடுற புகைக்கு இது சுத்தவே யோசிக்கும். நீங்க ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டு டீக்கடைக்குப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வரலாம். அப்பறம் திடீர்னு ஒரு தூக்கு தூக்கும் பாருங்க. அப்ப வண்டி ரோட்டுல இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

டர்போ என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. லாரியில் இருக்கிறது, ஓட்டுகிறேன், யோசித்ததில்லை. இஞ்சின் வெளியே விடுகிற புகையில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் திணிக்கிறது. வெளியே விடுகிற மூச்சை வைத்து உள்ளே போகிற மூச்சைக் கூட்டுகிறார்கள்.

தம்பி பாயை நிமிர்ந்து பார்த்தான். "இதுல எனக்கு ஒண்ணு மாட்டிவிட முடியுமா பாய்?"

பாய் முதலில் சிரிக்கவில்லை. தம்பி சிரித்தபிறகு சிரித்தார். "ஒங்க இஞ்சினைக் கழட்ட எங்கிட்ட ஸ்பேனர் இல்ல தம்பி" என்றார்.

பிறகு சொன்னார். சின்ன டீசல் காரில் வருகிற சின்ன டர்போதான் இந்த வண்டிக்குச் சரி. சீக்கிரம் சுற்றும், ஊருக்குள்ளேயே இழுவை தெரியும், பாலம் ஏறும். பூஸ்ட் என்கிற காற்றின் அழுத்தத்தைக் கம்மியாக வைக்க வேண்டும், கூட வைத்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். காற்றைக் குளிர வைக்க முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒன்று. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டரில் அளவு மாற்ற வேண்டும், தெரிந்த ஆளை வைத்துச் செய்து தருகிறேன் என்றார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீடியோவில் பார்த்ததெல்லாம் தமிழில் கேட்கக் கேட்க அவனுக்கு சந்தோஷம்.

பாய் இரண்டு சின்ன டர்போவை மேஜையில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி. டீசலில் கழுவித் துடைத்திருந்தார்.

"ஊதிப் பாருங்க" என்றார்.

அந்தக் கடையில் அது வழக்கம். பழைய டர்போ வாங்குகிறவன் வாய் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றினால் எடுக்கலாம். பாய் ஊத மாட்டார். "நான் ஊதிக் காட்டி வித்தேன்னு வச்சுக்குங்க, நாளைக்கு ரிப்பேர்னா பாய் தம் கட்டி ஊதி ஏமாத்திட்டாரும்பாங்க. வாங்குறவங்க மூச்சுலதேன் வாங்கணும்" என்பார். நான் அங்கே வாங்கிய காலத்தில் நானும் ஊதித்தான் எடுத்தேன். அன்றைக்கும் பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் தம்பி முகத்தைப் பார்த்தார்.

"அண்ணன் ஊதட்டும்" என்று மாற்றினார்.

"வாங்குறது நானு" என்றான் தம்பி.

வீட்டில் அவனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு சாமான் இருந்தது. கண்ணாடி மாதிரி மூன்று குழாய், ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை. ஒரு டியூபை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். உருண்டை மேலே எழும்ப வேண்டும். தினமும் செய்யச் சொல்லியிருந்தார்கள். முதல் உருண்டை அசையும், எழும்பாது. மற்ற இரண்டும் கிடந்த இடத்தில் கிடக்கும். கொஞ்ச நாளில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

முதல் டர்போவைக் கையில் எடுத்து ஊதினான். சக்கரம் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊதினான். அசையவில்லை. இருமல் வந்தது. இருமி முடிக்கிற வரைக்கும் நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். சந்தில் ஒரு குட்டியானை லோடு வண்டி பின்னால் எடுக்க முடியாமல் கத்திக்கொண்டிருந்தது.

"பழைய ஆயில் ஒட்டிக் கெடக்கும் தம்பி" என்றார் பாய்.

அவன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவதை எடுத்தான். லேசாகத்தான் ஊதினான். சக்கரம் சுற்றியது. மெதுவாக, ஆனால் நிற்காமல் சுற்றியது. அவன் வாயை எடுத்தபிறகும் கொஞ்ச நேரம் சுற்றியது.

அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"இதுதேன்" என்றான்.

பாய் அதை வாங்கி, சக்கரத்தின் நடுத்தண்டை விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது. "பொய் சொல்லக்கூடாது தம்பி. இது உள்ள தேஞ்சு போச்சு. தொளதொளன்னு இருக்குறதுனாலதேன் லேசா சுத்துது. ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும். மத்தது இறுக்கமா இருக்கு, அதுதேன் நல்ல சாமான்."

"இது எம்புட்டு நாளைக்கு வரும்?"

"எப்பிடிச் சொல்ல? ஆறு மாசம் வரலாம். ஒரு வருசமும் வரலாம். நாளைக்கே நின்னாலும் நின்னுரும்."

"டாக்டரும் இதையேதேன் சொன்னாரு. யாரு முந்துறோம்னு பாத்துருவோம். இதையே மாட்டுங்க பாய்."

வெளியே வந்ததும் நான் சத்தம் போட்டேன். வீம்பு என்றேன். கிறுக்கு என்றேன். நல்ல சாமான் கையில் இருக்கும்போது ஓட்டைச் சாமானைக் கேட்கிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்றேன். அவன் சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது எம்பேச்சைக் கேக்கலண்ணே. இது கேட்டுச்சு" என்றான்.

வண்டியை பாய் பட்டறையில் விட்டோம். இஞ்சின் புகை வெளியேறுகிற பழைய மேனிஃபோல்டைக் கழற்றி, புதிதாக ஒன்று வெல்டிங் வைத்து, ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய் என்று வேலை இழுத்தது. தம்பி தினமும் பாய்க்கு போன் போடுவான். பேச மூச்சு பத்தாது. "பாய்?" என்பான். அந்தப் பக்கத்திலிருந்து பாய் எல்லாம் சொல்வார். "சரி" என்று வைத்துவிடுவான். அந்த நாள்களில்தான் வீட்டுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. கட்டில் பக்கத்தில் நிறுத்தினோம். தம்பி அதன் மீட்டரைப் பார்த்து, "பூஸ்ட் கம்மியாத்தேன் வச்சிருக்காக" என்றான்.

ஒரு நாள் அவன் பொண்டாட்டி என் லாரிப் பக்கம் வந்து நின்றாள்.

"மாமா, அந்த நல்லதையே மாட்டச் சொல்லுங்க."

"அவன் ஊதி எடுத்ததும்மா."

"உள்ள எது இருக்குன்னு இவருக்குத் தெரியவா போகுது? நடுரோட்டுல வண்டி நின்னா, மாமா, நான் யாரைக் கூப்பிடுவேன்?"

நான் பாயிடம் போனேன். பாய் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, இது அவரு மூச்சு வச்சு எடுத்த சாமான். மாத்துறது தப்பு. என் கடையில நான் இப்பிடிச் செஞ்சதில்ல" என்றார்.

"வண்டி நின்னா அவன் மூச்சும் சேந்து நின்னுரும் பாய்."

பாய் ஆடுகிற டர்போவை ஒரு சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தார். "இந்தப் பாவம் ஆளுக்குப் பாதி. அல்லா மன்னிக்கட்டும்" என்றார். இறுக்கமானதை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

வண்டி வந்த அன்று காலையில் தம்பி சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி தலை சீவியிருந்தான். மாட்டுத்தாவணி தாண்டுகிற வரைக்கும் நான் ஓட்டினேன். நெரிசல் குறைந்ததும் ஓரமாக நிறுத்தி இடம் மாறினோம். அவன் பொண்டாட்டி பின்னால் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிலிண்டரின் குழாய் சீட்டுக்கு மேலே வந்து அவன் மூக்குக்குப் போனது. நான் ஹேண்ட்பிரேக் மேல் கை வைத்துக்கொண்டேன். ஓட்டக்கூடாதுதான். தெரிந்துதான் ஓட்டவிட்டோம்.

முதலில் மெதுவாகப் போனான். பிறகு முன்னால் ஒரு செங்கல் லாரி வந்தது. அதைப் பார்த்தான். மிதித்தான்.

முன்னால் ஒரு விசில் சத்தம் கேட்டது. மெலிசாக ஆரம்பித்து ஏறியது. முதுகு சீட்டில் அழுந்தியது. அந்தச் சின்னக் கார் லாரியைத் தாண்டிப் போனது. பின்சீட்டில் அவன் பொண்டாட்டி, "யாத்தே" என்றாள். அவள் பயந்தாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி வாய் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த வயல், கருவேல மரம், எல்லாம் பின்னால் போயின.

அப்புறம் அவன் கண்ணாடியைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தான்.

"புகை வரலையேண்ணே."

"பாய் நல்லா வேலை பாத்திருக்காரு."

"ம்."

காலைக் கொஞ்சம் தளர்த்தினான். அதற்குப் பிறகு வேகம் போகவில்லை.

குவாரி மலை தெரிகிற இடத்தில் ஓரம் கட்டினான். இறங்கவில்லை. இறங்க முடியாது. படிக்கட்டு மாதிரி அறுத்த பாறை அங்கிருந்தே தெரிந்தது. பாதி மலைதான் மிச்சம். வேலை நின்ற குழியில் தண்ணீர் கிடக்கும். அங்கே அவனோடு துளை போட்ட ஆட்கள் பலர் இப்போது இல்லை. அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாவியில் கை வைத்தேன்.

"நிறுத்தாதீக. ஓடிவந்த சூட்டோட சட்டுனு நிறுத்தக்கூடாது. டர்போ வெந்துரும். பாய் சொன்னாரு. செத்த நேரம் சும்மா ஓடணும்."

செத்த நேரம் ஓடியது. பிறகு அவனே நிறுத்தினான்.

"அண்ணே."

"என்னடா?"

"என் டர்போ எங்க?"

பின்சீட்டில் அவள் அசையவில்லை. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பாய் கடைப் பரண்ல இருக்கு."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவும் மூச்சு வேண்டும். "அதை வாங்கிட்டு வாங்க" என்றான்.

"அப்ப இதைக் கழட்டணுமா?"

"வேணாம். இது வண்டிக்கு. அது எனக்கு."

வாங்கிவந்து கொடுத்தேன். கட்டில் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டான். தினமும் காலையில் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு ஒரு தடவை ஊதுவான். ஊதுவதற்கு முன்னால் ஸ்டூல் மேல் இருக்கிற ஃபேனை நிறுத்தச் சொல்வான். தளர்ந்துபோன சாமான், அந்தக் காற்றுக்கே சுற்றிவிடும். தான் ஊதியதற்குத்தான் சுற்றியது என்று தெரிய வேண்டும் அவனுக்கு. ஃபேன் நின்று, சக்கரம் நின்று, அதற்கப்புறம் ஊதுவான். சுற்றும். மறுபடி குழாயை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவான். டாக்டர் கொடுத்த மூன்று உருண்டையை அவன் திரும்பி எடுக்கவே இல்லை.

நான் பூ இறக்கிவிட்டு நேரே அங்கே போவேன். "சுத்துச்சா?" என்பேன். "சுத்துச்சு" என்பான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சில நாள் லாரியில் ஒட்டிக் கிடக்கிற மல்லிகையை அவன் பொண்டாட்டியிடம் கொடுப்பேன். அவள் வைத்துக்கொள்வதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. சாமி படத்துக்கு வைப்பாள்.

சக்கரம் சுற்றுகிற சுற்று குறைந்துகொண்டே வந்தது. பிறகு பாதிச் சுற்று. பிறகு ஓர் அசைவு.

ஒரு நாள் காலை நான் போகும்போது அவன் அதைக் கையில் வைத்திருந்தான். தூக்கிப் பிடிக்க முடியாமல் நெஞ்சின் மேல் வைத்திருந்தான். ஊதினான். சக்கரம் நன்றாகச் சுற்றியது. எனக்கு ஆச்சரியம். அவன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பொண்டாட்டியைப் பார்த்தான்.

"ஃபேனை நிறுத்து."

அவள் ஃபேனை நிறுத்தாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சத்தம் கேட்கக்கூடாது என்று மெதுவாக வைத்திருந்தாள். சுவரில் பட்டு வருகிற காற்றுக்கே அது சுற்றியிருக்கிறது.

"புழுக்கமா இருக்குங்க" என்றாள்.

"நிறுத்து தாயி."

நிறுத்தினாள். இறக்கை நிற்கிற வரைக்கும் காத்திருந்தான். சக்கரம் நிற்கிற வரைக்கும் காத்திருந்தான். ஊதினான். அசையவில்லை. மறுபடியும் ஊதினான். உதடுதான் குவிந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

என்னிடம் நீட்டினான்.

"பேரிங் போச்சுண்ணே."

வாங்கிக்கொண்டேன். "ஆமா, போச்சு. பாய்கிட்டச் சொல்லி வேற மாத்திருவோம்" என்றேன்.

"இந்தத் தடவை மாத்தாதீக" என்றான்.

மறுநாள் மத்தியானம் மூச்சு மிகவும் இழுத்தது. காரின் பின்சீட்டில் அவளுடைய மடியில் படுக்க வைத்தோம். ஏசி போட்டேன். மேம்பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் முக்கிக்கொண்டு ஏறியது. நான் மிதித்தேன். விசில் சத்தம் வந்தது. பஸ்ஸைத் தாண்டி ஏறினோம்.

"ஏறிருச்சா?" பின்னாலிருந்து அவன் குரல். காற்றுதான், குரல் இல்லை.

"ஏறிருச்சுடா."

ஆஸ்பத்திரி வாசலில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெகுநேரம் கழித்து ஒரு காவலாளி வந்து, "யாருங்க வண்டி? இஞ்சின் ஓடிக்கிட்டே கெடக்கு. பெட்ரோல் என்ன சும்மாவா வருது?" என்று சத்தம் போட்டார். போய் நிறுத்தினேன். வண்டி சரியான நேரத்துக்குத்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தது. அன்று சாயங்காலம் அவன் போய்விட்டான்.

வண்டியை விற்கவில்லை. அவள் ஓட்டப் பழகுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பாலம் ஏறும்போது அந்த விசில் சத்தம் வந்தால் காலைத் தளர்த்திவிடுகிறாள். வண்டி முக்குகிறது. "மிதிம்மா" என்பேன். மிதிப்பதில்லை. நிறுத்துவதற்கு முன்னால் மட்டும் மறக்காமல் செத்த நேரம் சும்மா ஓடவிடுகிறாள்.

ஆடுகிற டர்போ இன்னும் ஜன்னல் திட்டில்தான் இருக்கிறது. போன சித்திரையில் ஒரு மத்தியானம் போனேன். வீடு கொதித்தது. ஓட்டு வெக்கையில் அவள் முகமெல்லாம் வேர்வை. ஃபேன் ஸ்டூல் மேல் சும்மா இருந்தது.

"கரண்டு இல்லையாம்மா?"

"இருக்கு மாமா."

எழுந்து ஃபேனைப் போட்டேன். ஜன்னல் திட்டில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் ஃபேனை நிறுத்தினேன்.

"அதை எடுத்து அங்கிட்டு வச்சுட்டு ஃபேனைப் போட்டுக்க வேண்டியதுதானம்மா."

"இருக்கட்டும் மாமா" என்றாள்.

சக்கரம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள்.